போகும்போது ஒரு தண்டவாளம், வரும்போது ஒரு தண்டவாளம்

2017 நவம்பர். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் எல்லாம் வங்கிக்குப் போய் 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று நிரூபித்துவிட்டு வரவேண்டிய மாதம். கவுன்ட்டரில் இருந்த பெண் கைரேகைக் கருவியை அப்பா பக்கம் தள்ளினாள். வலது கட்டைவிரலை வைத்தார், ரேகை விழவில்லை. ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைத்தார், விழவில்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாயிற்று. பின்னால் நின்றவர்கள் செருமத் தொடங்கினார்கள்.

"அப்படி என்ன வேலை பாத்தீங்க தாத்தா?"

"கீமேனும்மா."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "ரயில்வேல சுத்தியல் புடிச்ச கை" என்று விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுவதும் காய்த்து, விரல்நுனி வழவழவென்று தேய்ந்து கிடந்தது. "ரேகையெல்லாம் தண்டவாளத்துலயே வுட்டுட்டு வந்துட்டேன்" என்று அவரே சிரித்துக்கொண்டார். கடைசியில் காகிதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வேலை முடிந்தது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உழைத்துத் தேய்ந்த கைகள் உள்ள எந்த வீட்டிலும் இந்தச் சிக்கல் வரும். கருவி ஏற்கவில்லை என்றால் உயிர்வாழ் சான்றை எழுத்துவழியாகவே கொடுக்கலாம். நேரில் வந்து நிற்கிறவரைத் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. அப்பா போனபிறகு அம்மாவுக்கும் இதே கதைதான். களை பறித்த கை. இப்போது செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே முடித்துவிடுகிறோம். தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருகிற வசதியும் இருக்கிறது.

கீமேன் என்றால் என்ன என்று என் அலுவலகத்திலேயே பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் தண்டவாளத்தை, அதற்கு அடியில் குறுக்கே கிடந்து தாங்குகிற வார்ப்பிரும்பு சிலிப்பரோடு இறுக்கிப் பிடித்து வைத்தது ஒரு ஆப்பு. அதற்குப் பெயர் கீ. ரயில் போகப்போக அதிர்வில் அது இளகும், நகரும், சில சமயம் விழுந்தே போகும். அதைத் தினமும் நடந்து பார்த்துத் தட்டி இறுக்குகிற ஆள்தான் கீமேன். இப்போது கான்கிரீட் சிலிப்பர், பாண்ட்ரால் கிளிப் என்று மாறிவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

அப்பா 1946-இல் பிறந்தவர். 22 வயதில், 1968-இல் அரியலூர்ப் பக்கம் தண்டவாளத்தைப் பராமரிக்கிற குழுவில் கேங்மேனாகச் சேர்ந்தார். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி போகிற குறுக்குப் பாதையான கார்டு லைன். அப்போது மீட்டர் கேஜ், ஒற்றைப் பாதை. 17 வருஷம் ஜல்லி அள்ளினார், சிலிப்பர் கட்டை தூக்கினார், ஜல்லியை இடித்து இறுக்குகிற பீட்டர் பிடித்தார். 1985-இல் கீமேன். அப்புறம் 2006-இல் ஓய்வு பெறும்வரை கீமேன்தான். மேஸ்திரியாகும் வாய்ப்பு ஒருமுறை வந்தது. "பத்து பேர வேலை வாங்கத் தெரியாதுங்க, பத்து பேரு வேலைய வேணா நானே செஞ்சுருவேன்" என்று தண்டவாள ஆய்வாளரான பிடபிள்யூஐ ஐயாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். அம்மா ரெண்டு நாள் பேசவில்லை. சம்பளம் கூடியிருக்கும் அல்லவா.

விடிவதற்குள் கிளம்புவார். தோளில் பை, அதில் ஸ்பேனர், தகர டப்பாவில் வெடிகள், சுருட்டிய ரெண்டு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி. கையில் நீளப்பிடிச் சுத்தியல். அவர் பீட், அதாவது அவர் பொறுப்பில் இருந்த நடை தூரம், ஐந்தாறு கிலோமீட்டர். போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும், திரும்பும்போது மற்றதை. ரெண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தால் ரெண்டுமே கண்ணில் படாது என்பார். நடையின் வேகம் குறையாமல் சுத்தியல் இறங்கும். இறுக்கமாக இருக்கிற கீ 'ணங்' என்னும். இளகியது 'தொத்' என்னும். தொத் என்றால் மட்டும் நிற்பார்.

இந்தத் தட்டுகிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பானை, தேங்காய், பலாப்பழம், புதிதாக வாங்கிய நாற்காலி என்று எல்லாவற்றையும் ஒரு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். 2011-இல் நாங்கள் திருச்சியில் வீடு வாங்கியபோது கட்டிக்கொடுத்தவர் பெருமையாகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு ரூபாய்க் காசை எடுத்து உட்கார்ந்து தரையின் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார். எனக்கு மானமே போயிற்று. ஒரு மணி நேரத்தில் 14 டைல்ஸில் சாக்பீஸால் பெருக்கல் குறி. அடியில் கலவை சரியாகப் பிடிக்காமல் உள்ளே வெற்றிடம் இருந்தால் அந்த இடம் டொப்பென்று ஒலிக்கும், பாரம் பட்டால் பெயரும். கட்டியவர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றித் தந்தார். சுவர்ப் பூச்சையும் இப்படித்தான் விரல்முட்டியால் தட்டிப் பார்க்கவேண்டும். வீடு வாங்கப்போகிற யாருக்கும் இதைச் சொல்கிறேன். பத்திரம் பார்க்க வக்கீல் இருக்கிறார், டைல்ஸ் பார்க்க ஒரு ரூபாய்க் காசு போதும்.

அவரிடம் குறையே இல்லையா என்றால், இருந்தது. எங்கள் பள்ளிக்கூட விழா எதற்கும் வந்ததில்லை. தீபாவளியன்று காலையிலும் பீட்டுக்குப் போய்விட்டுத்தான் எண்ணெய் தேய்த்துக்கொள்வார். பேச்சு மிகக் குறைவு. தம்பி எட்டு வயதில் தண்டவாளத்தில் பத்து பைசாவை வைத்து நசுக்கி எடுத்துக்கொண்டு வந்தான்; எல்லாப் பையன்களும் செய்கிறதுதான். அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அதற்கு முன்பும் பின்பும் அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. இப்போது தம்பிக்கு 45 வயது தாண்டிவிட்டது. அந்த அடியைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னும் சிரிக்காமல்தான் சொல்வான்.

அந்த வெறி எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் பிடிபட்டது. 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே, மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளம் அரித்துப்போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியது நாடு முழுக்கத் தெரியும். எங்கள் பக்கத்து கேங்மேன்களுக்கு அது பாடப்புத்தகச் செய்தி இல்லை. அப்பாவுக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, அந்த வாரம் ஆற்று மணலில் உடல்களைத் தூக்கிப்போட்ட ஆட்களில் ஒருவர். புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு பையனையும் அவர் முதல் நாளே பாலத்துக்கு நடத்திக் கூட்டிப்போய் நிற்க வைப்பாராம். ஒன்றும் சொல்லமாட்டாராம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்களாம்.

அதனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் மழையை ரசித்ததில்லை. மழை ரோந்து என்று ராத்திரி முழுக்க விளக்கோடு நடக்கவேண்டும். ஓட்டின் மேல் மழை இரைந்தால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். வைகை, மலைக்கோட்டை என்று எங்களுக்கு வண்டிகளின் பெயர்தான் கடிகாரம். "வைகை போயாச்சா?" என்றால் சாப்பாட்டு நேரமா என்று அர்த்தம். மழை ராத்திரியில் வண்டி ஒழுங்காக ஓடுகிற சத்தம் கேட்டால்தான் அம்மா படுப்பாள்.

1974 வேலைநிறுத்தம் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் மே 8-ஆம் தேதி தொடங்கி 27 வரை 20 நாள். அம்மாவுக்கு அப்போதுதான் கல்யாணமாகி நாலு மாதம். குவார்ட்டர்ஸில் ராத்திரி போலீஸ் வந்து தேடும். அப்பாவும் இன்னும் மூன்று பேரும் செந்துறைப் பக்கம் முந்திரிக்காட்டில் படுத்துக் கிடந்தார்கள். அம்மா புல்லுக்கட்டுக்குள் கூழ்ச்சட்டியை வைத்துத் தூக்கிப்போவாள். அதில் வேடிக்கை என்னவென்றால், ஒளிந்திருந்த காலத்திலும் அப்பா தினமும் இருட்டினபிறகு லைனோரம் வந்து ஒரு மைல் நடந்து பார்த்துவிட்டுப் போவாராம். "ஸ்ட்ரைக்கு சர்க்காரு மேலதான, தண்டவாளம் என்ன பண்ணுச்சு?" என்றாராம். கூட இருந்தவர்கள் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

அவர் வாழ்க்கையில் பெரிய சம்பவம் என்றால் 1989 ஜனவரியில் நடந்தது. அதைப் பல வருஷம் ஒரே வாக்கியத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு தடவ ரயிலு ஒடஞ்சிருந்துச்சு, வண்டிய நிப்பாட்டுனேன்." (கேங்மேன்கள் பேச்சில் ரயில் என்றால் தண்டவாளம், ஓடுவது வண்டி.) முழுக்கதை கிடைத்தது என் மகளால். என் அப்பா ஓய்வு பெற்ற அதே 2006-இல் பிறந்தவள் அவள். பத்து வயதில் ஒருநாள் அவரோடு சேர்ந்து முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

குளிரில் இரும்பு சுருங்கும். வெல்டு வைத்த இடத்தில் பலவீனம் இருந்தால் விடியற்காலையில் பிளந்துகொள்ளும். பனிமூட்டம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலடியில் சுத்தியல்தான் சொல்லியிருக்கிறது: ணங், ணங், ணங், அப்புறம் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் விரல் நுழைகிற இடைவெளி.

"பயமா இருந்துச்சா தாத்தா?"

"பயப்பட நேரம் எங்கருக்கு? வண்டி வர்ற டயம்."

உடைந்த இடத்தில் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, இன்னொரு கொடியைப் பிடித்துக்கொண்டு வண்டி வருகிற திசையில் ஓடினார். மீட்டர் கேஜில் விதி இப்படி: 400 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு வெடியைக் கட்டவேண்டும். 800 மீட்டரில் பத்து பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் நிறுத்துவார். அகலப் பாதையில் இது 600, 1200 மீட்டர். பனிக்குள் மூன்றாவது வெடியைக் கட்டிவிட்டு நிமிரும்போது இன்ஜின் விளக்கு தெரிந்ததாம். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி குவார்ட்டர்ஸில் சாணம் தெளித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு மூன்று வெடிச் சத்தமும் கேட்டிருக்கிறது. பொங்கல் நெருங்கிய நேரம். பையன்கள் தீபாவளி மிச்சத்தைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்துவிட்டுக் கோலம் போட்டாளாம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அன்று காலை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அவர் குரலில் எங்களிடம் இருப்பது மூன்று பதிவுகள், மொத்தம் 40 நிமிடம். அதில் ரெண்டு நான் எதிரே உட்கார்ந்து "சொல்லுங்கப்பா, உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டு எடுத்தது. அவற்றில் உருப்படியாக எதுவும் இல்லை. "என்னத்தச் சொல்றது ஆயி, நடந்தோம், சாப்ட்டோம்" என்பதோடு சரி. கடலை உரிக்கும்போது எடுத்த அந்தப் பதினெட்டு நிமிடம்தான் பொக்கிஷம். அந்தத் தலைமுறை ஆண்களிடம் எதிரே உட்கார்ந்து கேட்டால் வாய் திறக்கமாட்டார்கள். கைக்கு ஒரு வேலை இருக்கவேண்டும், கண் எதிராளி மேல் இருக்கக்கூடாது. பேரக்குழந்தை கேட்டால் இன்னும் நல்லது. 'பயமா இருந்துச்சா?' என்று நம்மால் கேட்கமுடியாது, அதுகள் கேட்டுவிடும்.

மகள் அன்றைக்கே ஒரு கணக்கும் போட்டாள். தினம் 12 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள், 21 வருஷம். சுமார் 75,000 கிலோமீட்டர். "தாத்தா, நீங்க உலகத்தையே கிட்டத்தட்ட ரெண்டு தடவை சுத்திட்டீங்க!" அவர் கடலையை ஊதித் தோலைப் பறக்கவிட்டுவிட்டு, "பீட்டத் தாண்டிப் போகலியே பாப்பா" என்றார்.

இப்படித் தண்டவாளத்தில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்த மனிதர், தன் காலைக் குனிந்து பார்த்ததே இல்லை. சர்க்கரை நோய் ஓய்வு பெற்ற மறுவருஷமே தெரிந்துவிட்டது. மாத்திரை ஒழுங்காகப் போடுவார். 2015-இல் ஒருநாள் அம்மா அவர் படுத்திருந்த பாயில் ஈரம் பார்த்தாள். இடது கால் பெருவிரலுக்கு அடியில் புண், உள்ளே ஒரு சின்ன முள். எத்தனை நாளாக இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வலியே இல்லை. மருத்துவர் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே போனார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு பாதி இடத்தில் பதிலே சொல்லவில்லை. நரம்பு மரத்துப்போயிருந்தது. சர்க்கரை நோயில் வலி இல்லாத புண்தான் ஆபத்தானது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த விரலை எடுக்கவேண்டியதாயிற்று. அவர்களை அரியலூரிலிருந்து எங்களோடு கூட்டிவந்துவிட்டோம்.

மருத்துவர் சொன்னது அதிகமில்லை. தினமும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கழுவியபின் இடுக்கில் ஈரம் நிற்கக்கூடாது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்சிஆர் செருப்பு போடவேண்டும். செருப்பை மாட்டுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். வெந்நீரில் காலை வைக்கவே கூடாது, சூடு தெரியாமல் வெந்துபோகும். ஆணிக்கால் தோலை வீட்டில் பிளேடால் சீவக்கூடாது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு வாரம் செய்தார். அப்புறம் "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் என் மகள், ஒன்பது வயசு, டூட்டியில் சேர்ந்தாள். அது அவளாகக் கண்டுபிடித்த விளையாட்டு. ராத்திரி எட்டரைக்கு டார்ச்சோடு வருவாள். அப்பா பாயில் காலை நீட்டவேண்டும். "போகும்போது வலது கால், வரும்போது இடது கால்." குதிகாலிலிருந்து விரல்நுனி வரை வெளிச்சத்தை மெதுவாக நகர்த்துவாள், ஒவ்வொரு இடுக்காக விரிப்பாள். அப்புறம் ஒரு நோட்டில் எழுதுவாள்: 'வலது சரி. இடது குதிகாலில் வெடிப்பு, 1 செ.மீ.' பேத்தி கீமேன் என்றதும் அப்பாவால் மறுக்கமுடியவில்லை. டூட்டி என்பது அவருக்கு வேறு விஷயம். எட்டரைக்கு அவள் வரவில்லையென்றால் இவரே கூப்பிடுவார்: "என்னா கீமேன், இன்னிக்கு லீவா?" பார்த்து முடித்ததும் பச்சைக் கொடி காட்டுவதுபோல் கையை ஆட்டுவார்.

நாலு வருஷம். மறுபடி ஒரு புண்கூட வரவில்லை. ஒருதடவை செருப்பு வார் உரசின சிவப்பை இவள்தான் முதல்நாளே பிடித்தாள். வீட்டில் சர்க்கரைக்காரப் பெரியவர் இருந்தால், 'காலைப் பாத்துக்குங்க' என்று அவரிடம் சொல்லாதீர்கள். குனியமுடியாது, பார்வை தெரியாது, வலிக்கவும் செய்யாது. இன்னொருவர் பார்க்கவேண்டும். அதைச் சலுகையாகச் செய்தால் வெட்கப்படுவார்கள், அவர்கள் தொழிலின் பெயரில் செய்தால் காலை நீட்டிவிடுவார்கள்.

2019 ஆகஸ்டில், 73 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு. காரியமெல்லாம் முடிந்தபிறகு அந்த நோட்டைப் பார்த்தேன். கடைசி வரி: 'இடது சுண்டுவிரல் நகம் நாளைக்கு வெட்டணும்.'

அப்புறம் காகிதங்களின் காலம். அப்பா ஒரு பச்சை டிரங்குப் பெட்டி வைத்திருந்தார். ஓய்வூதிய ஆணையான பிபிஓ, சர்வீஸ் சான்று, மருத்துவ அட்டை, 1989-இல் கொடுத்த பாராட்டுக் காகிதம் எல்லாம் பிளாஸ்டிக் உறையில், தேதி வரிசைப்படி. இவ்வளவு ஒழுங்காக வைத்த மனிதர் வீட்டில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று நினைத்தேன். ஐந்து மாதம் அலைந்தோம்.

காரணம் ஒரு எழுத்தும் ஒரு முன்னெழுத்தும். பிபிஓவில் அம்மாவின் பெயர் 'அம்மாள்' என்று முடிகிறது, ஆதாரில் 'அம்மா' என்று. ஒன்றில் முன்னெழுத்து அவள் அப்பாவுடையது, இன்னொன்றில் புருஷனுடையது. நம் ஊரில் கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் முன்னெழுத்தை மாற்றுவது அவ்வளவு சாதாரணம், யாரும் யோசிப்பதே இல்லை. கணினி யோசிக்கும். அம்மாவின் பிறந்த தேதியும் பதிவில் இல்லை. ரெண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கி, உறுதிமொழிப் பத்திரம் எழுதி, படிவம் 14-ஐ நிரப்பி, மறுபடி நிரப்பி, ஒருவழியாகக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. அப்பா உயிரோடு இருக்கும்போது அவரே ஒரு விண்ணப்பம் எழுதிக்கொடுத்திருந்தால் அலைச்சல் பாதியாகக் குறைந்திருக்கும். உங்கள் வீட்டில் ஓய்வூதியம் வாங்குகிறவர் இருந்தால் இந்த வாரமே பிபிஓவை வெளியே எடுங்கள். மனைவியின் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். போகும்போது பிபிஓ, வரும்போது ஆதார்.

இன்னொரு தவறு, கணக்கு அப்பா பெயரில் மட்டும் இருந்தது. ஓய்வூதியக் கணக்கைக் கணவன் மனைவி கூட்டுக்கணக்காகவே வைத்துக்கொள்ளலாம். அப்படி இருந்திருந்தால் அம்மா புதிதாகக் கணக்குத் தொடங்க வரிசையில் நின்றிருக்க வேண்டாம். 66 வயதில் அவள் முதல்முறையாக வங்கி நாற்காலியில் உட்கார்ந்து, கையெழுத்தா ரேகையா என்று கேட்டபோது என் முகத்தைப் பார்த்தாள். இறப்புப் பதிவிலும் பெயரைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் துக்கவீட்டில் யாரோ ஒரு சித்தப்பா போய் வாயால் சொன்ன பெயரைத் திருத்த அப்புறம் அலையவேண்டும்.

எவ்வளவு வரும் என்பதிலும் பலருக்குத் தவறான கணக்கு. பாதிச் சம்பளம் வரும் என்று தம்பி நம்பியிருந்தான். ஓய்வுபெற்றவர் இறந்தால் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் என்பது ஏழு வருஷத்துக்கு, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரை, எது முந்தியோ அதுவரைதான். அதற்குப் பிறகு 30 சதவீதம். அப்பா 73-இல் போனார், ஆகவே முதல் மாதத்திலிருந்தே 30. 2016-க்குப் பிறகு குறைந்தபட்சம் 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. வாங்குகிறவருக்கு 80 வயது ஆனால் இருபது சதவீதம் கூடும். பிறந்த தேதி பதிவில் இருக்கவேண்டும் என்பது இதற்காகவும்தான். முதல் தொகை வந்தபோது அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, "செத்த பொறவும் சம்பாதிக்கிறாரு பாரு" என்றாள்.

பெட்டியை மூன்று தடவை தேடினேன். ஒரு பழைய கீயாவது இருக்கும், மகளுக்குக் காட்டலாம் என்று. இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அகலப் பாதையாக மாற்றியபோது பழைய இரும்பு லைனோரம் மலையாகக் குவிந்து கிடந்தது. ஒன்றைக்கூட அவர் எடுத்து வரவில்லை. ரயில்வே சொத்து. சுத்தியலை ஓய்வு பெற்ற அன்றே ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். பெட்டியின் அடியில் துணியில் சுற்றி இருந்தது ஒரு கல் மட்டும், உள்ளங்கை அளவு, சுருள் சுருளாக நத்தை மாதிரி. அரியலூர் மண் ஒருகாலத்தில் கடலடியாக இருந்தது. தோண்டினால் கல்லாகிப்போன சங்கும் சிப்பியும் கிடைக்கும். பீட்டில் ஓர் ஓடையோரம் கிடந்ததாம். நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது அதைக் காட்டி, இது மட்டும் ரயில்வே சொத்து இல்லையா என்று கேட்டிருக்கிறேன். "இது கடலோட சொத்து ஆயி. கேட்டு வந்தா குடுத்துரலாம்" என்றார்.

போன வருஷம் ஐப்பசியில் மகளைச் சென்னையில் கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோய் விட ராத்திரி வண்டியில் கிளம்பினோம். அந்தக் கல்லைப் பையில் வைத்திருந்தாள். கல்லகம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இப்போது ரெட்டைப் பாதை, மின்சார வண்டி. பாலம் வருவது சத்தம் மாறுவதில்தான் தெரிகிறது. அவள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

ரோந்துக்காரர் வண்டி வரும்போது ஓரமாக ஒதுங்கி நின்று, விளக்கைத் தன் நம்பர் தகட்டின்மேல் அடித்துக் காட்டவேண்டும். இந்த இடத்தில் இந்த ஆள் விழித்திருக்கிறான் என்று வண்டியில் இருப்பவர்களுக்குத் தெரிவதற்காக. இதுவும் கடலை உரிக்கும்போது சொன்னதுதான்.

பாலம் முடிகிற இடத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. தொப்பியும் மழைக்கோட்டுமாக ஓர் உருவம்.

"நம்பர் பாத்தியா?" என்றேன்.

"மழைல தெரியலம்மா. ஆனா லைட்ட நம்பர் மேலதான் அடிச்சாரு."